அணில் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை நாடு முழுக்க ஆட்கள் வாசலில் நின்று எண்ணியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குரங்கு எத்தனை, மந்தி எத்தனை, மயில் எத்தனை, மர அணில் எத்தனை என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பயிரை நாசம் பண்ணுகிற மிருகங்களின் கணக்கு அது. முடிவில் மர அணில் மட்டும் 26 லட்சத்துக்கு மேல் என்று அறிவித்தார்கள். கூரையில் ஓடிய வரி அணிலையும் அந்தக் கட்டத்துக்குள் போட்டவர்கள் எத்தனை பேரோ, யார் கண்டது! வெலிமடைப் பக்கம் லயத்திலும் சரி, கிராமத்திலும் சரி, மரத்தில் ஓடினால் அணில், அவ்வளவுதான். ஆனால் இலங்கையில் பகலில் திரிகிற அணிலே நான்கு இனம். இரவில் மரம் விட்டு மரம் மிதந்து போகிறவை இன்னும் இரண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்று கேட்டு வந்த பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

புதிதாக வருகிற எல்லாரும் முதலில் சொல்வது நிறத்தைத்தான். "கறுப்பா இருந்துச்சு சேர்", "இல்ல, பழுப்பு." இரண்டு பேரும் ஒரே மிருகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். ஹக்கலைப் பக்கத்து மூடுபனியில் மயிர் நனைந்தால் வரி அணிலும் கருத்துப்போகும், வரி மங்கிப்போகும். வெயிலுக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாமே கறுப்பு.

மர அணில் விஷயத்தில் இது இன்னும் மோசம். மேற்கே ஈரவலயத்துத் தாழ்நிலத்தில் இருப்பதற்கு முதுகு கன்னங்கறுப்பு, வயிறு மஞ்சள். உலர்வலயத்தில் இருப்பது சாம்பலும் பழுப்பும் கலந்தது, வாலில் நரை. மத்திய மலைநாட்டிலும் ஊவா மலைகளிலும் இருப்பது வேறொரு கருமை. மூன்றும் ஒரே இனம், இடத்துக்கு இடம் சட்டை மாற்றியிருக்கிறது. இந்த வேறுபாடுகளையெல்லாம் பொறுமையாகப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ். தோட்டத் துரை அவர். இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் அவர் போட்ட புத்தகத்தை இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டுகிறார்கள். தோட்டத்தில் இருந்துகொண்டே பார்க்க முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன். துரைக்குக் கிடைத்த நேரம் கொழுந்து எடுக்கிறவளுக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

2. எந்த உயரத்தில் நிற்கிறீர்கள் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நுவரெலியாவிலிருந்து பதுளைக்குப் போகிற ஏ5 ரோட்டில் பஸ் ஏறினால், ஒரு காலைக்குள் பல காடுகளைக் கடந்துவிடலாம். ஹக்கலையில் ஐயாயிரம் அடிக்கு மேலே பாசி தொங்குகிற ஈரக்காடு. கெப்பட்டிப்பொலைக்குக் கீழே இறங்கினால் பற்றைப் புல்வெளி, கரட், உருளைக்கிழங்குத் தோட்டம், யூக்கலிப்டஸ். வெலிமடையில் உமா ஓயாக் கரையோரம் மூங்கிலும் மரக்கறி நிலமும். பிறகு தேயிலை. பண்டாரவளைக்கு அந்தப் பக்கம் எல்லாவைத் தாண்டி வெல்லவாயவுக்கு இறங்கினால் உலர்வலயக் காடே வந்துவிடும்.

ஒவ்வொரு அணிலுக்கும் இதில் சொந்த இடம் இருக்கிறது. இடத்தைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் மிருகத்தைப் பார்க்கும் முன்பே தீர்ந்துவிடும். வெலிமடை டவுனில் கடைக்கூரையில் ஓடுவது ஈரக்காட்டு அணிலாக இருக்காது. ஹோர்டன் சமவெளியில், ஏழாயிரம் அடியில், புதருக்குள் ஓடிய சிறிய உருவத்தை உடனே வரி அணில் என்று எழுதவும் கூடாது.

3. வரி அணிலை மனப்பாடம் பண்ணுங்கள்.

தெரிந்த அணில்தானே என்று தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் அளக்கிற அளவுகோல் இதுதான். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய ஓர் அடி. எடை நூறு கிராம் சுமார். முதுகில் மூன்று வெளிறிய கோடு, கழுத்துப் பக்கம் தொடங்கி வாலடி வரை தெளிவாகப் போகும். ராமர் தடவிய மூன்று விரல் என்று பாட்டிமார் சொல்வார்கள். சீதா எலியக் கோவிலுக்கு வருகிற இந்தியப் பயணிகளும் அங்கே ஓடுகிற அணிலைக் காட்டி அதைத்தான் சொல்கிறார்கள். கதையில் உங்களுக்கு வேண்டியது அந்த எண்ணிக்கை. வட இந்தியாவில் ஐந்து கோடு போட்ட இனம் ஒன்று உண்டு, அது இங்கே இல்லை. ஐந்து கோடு எண்ணினேன் என்று யாராவது சொன்னால் இன்னொரு முறை எண்ணச் சொல்லுங்கள்.

ஒரு காலைப் பொழுது லயத்து வாசலில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி அணிலை மட்டும் பாருங்கள். மரத்திலிருந்து இறங்கும்போது தலை கீழாகத்தான் இறங்கும். அப்போது பின்கால் பாதம் பின்பக்கம் திரும்பி, நகம் மேல்நோக்கிப் பட்டையைப் பிடித்திருக்கும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. பூனையையோ கழுகையோ கண்டால் ஒரே இடத்தில் நின்றபடி விடாமல் கத்தும், ஒவ்வொரு கத்தலுக்கும் வால் ஒரு வெட்டு வெட்டும். கூடு கட்ட நாரும் சாக்கு நூலும் பஞ்சும் வாயில் அடைத்துக்கொண்டு தகரக் கூரைக்கு அடியில் நுழையும். செம்மஞ்சள் பூப் பூக்கிற நம் சவுக்கு மரத்தில் தேன் நக்க வரும். இதெல்லாம் கண்ணில் ஏறிவிட்டால், வேறோர் அணில் எதிர்ப்படும்போது "இது அது இல்லையே" என்று உங்களுக்கே தோன்றும். அந்தத் தோன்றல் வந்த பிறகுதான் காட்டுக்குப் போக வேண்டும்.

4. மர அணிலை வாலால் பிடியுங்கள்.

சிங்களவர்கள் தண்டுலேனா என்கிறார்கள். பதினைந்து வரி அணிலைச் சேர்த்து நிறுத்தால்தான் ஒரு மர அணிலின் எடைக்குக் கிட்ட வரும். ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். முதுகில் கோடு கிடையாது. வால் உடம்பளவு நீளம், சில நேரம் அதைவிடவும் கூட. மயிரின் நுனி வெளுத்திருப்பதால்தான் தமிழ்நாட்டில் இதை நரை அணில், சாம்பல் அணில் என்கிறார்கள். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த அணிலுக்காகவே 1988இல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். உலகத்தில் இந்த இனம் இருப்பது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே. நம் வீட்டுப் பின்னால் பலாப்பழத்தைக் குடைகிற பிராணிக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அது சாப்பிடும்போது பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள். கிளையின் குறுக்கே பின்காலை ஊன்றிக்கொண்டு, தலையும் நெஞ்சும் ஒரு பக்கம் சாய, வால் மறுபக்கம் நேராகத் தொங்கும். முன்பக்கப் பாரத்தை வால் சமன் பண்ணுகிறது. இரண்டு கையும் பழத்தைப் பிடிக்கச் சும்மா இருக்கும். மூக்கு இளஞ்சிவப்பு. கிளைக்குக் குறுக்கே இப்படித் தராசு பிடித்து உட்காருகிற வேலை வரி அணிலிடம் இல்லை. மரநாயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மரநாய் இரவுப் பிராணி. பட்டப்பகலில் உச்சிக்கொப்பில் தாவுவது மரநாய் அல்ல.

இது தரைக்கு வருவது அபூர்வம். இருபது அடித் தாவல் அதற்குச் சாதாரணம். ஆபத்து என்று பட்டால் ஓடாது, கிளையோடு கிளையாகப் படுத்துவிடும். கீழே நிற்கிறவர் அணிலை ஏறவிட்ட நாயாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்போது மரத்தைச் சுற்றிச் சுற்றி நடக்காதீர்கள், அது மறுபக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர் போயிருந்தால் ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் மெல்ல மறுபக்கம் போக வேண்டும். தனியாகப் போனால் உட்கார்ந்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் கடகடவென்று உரக்க ஒரு கத்து கத்தும். காடு முழுக்கக் கேட்கும். அந்தக் குரலை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மிருகத்தைப் பார்க்காமலே குறிப்பு எழுதலாம்.

5. உருண்டையாகத் தொங்குவதெல்லாம் கூடு என்று கிட்டப் போகாதீர்கள்.

இதை இனம் பிரிக்கிற பாடமாக மட்டும் எடுக்க வேண்டாம், உயிர் விஷயம். மர அணில் உயரமான கவையில் குச்சியும் இலையும் சேர்த்துப் பெரிய உருண்டைக் கூடு கட்டும். ஒரே அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடு வைத்திருக்கும். ஆகவே கூட்டை எண்ணி அணிலை எண்ணக் கூடாது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் குளவிக் கூடும் மலைத்தேன் அடையும் இதே மாதிரி இருண்ட உருண்டைதான். மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தி தோட்டப்புறத்துக்குப் புதிதில்லை, திரும்பி வராதவர்களும் உண்டு. கூட்டின் ஓரத்தில் குச்சி நீட்டிக்கொண்டு, இலை காய்ந்து பழுப்பாக இருந்தால் அணில் கூடு. ஓரம் மழமழவென்று இருந்தாலோ, மேற்பரப்பு அலையடித்தாலோ பேசாமல் திரும்பி வாருங்கள். தூரநோக்கியால் பார்த்து முடிவு செய்யுங்கள், கல்லெறிந்து பார்க்கிற வேலை வேண்டாம்.

6. காலடியில் ஓடுகிற எலியையும் ஒருமுறை பாருங்கள்.

ஹக்கலை, ஹோர்டன் சமவெளிப் பக்கத்து ஈரக்காட்டில், நிலத்தை ஒட்டிய புதருக்குள் ஓர் அணில் திரிகிறது. நம் அணில்களிலேயே சின்னது. இருண்ட பழுப்பு நிறம். முதுகில் கோடு இருக்கிறது, ஆனால் மங்கல். கிட்டத்தில் நின்றால்தான் தெரியும். எலி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சத்தம் கேட்டால் குருவி என்று மேலே பார்ப்பார்கள். மங்கல் வரி அணில் என்று சொல்லலாம். கடையிலும் லயத்திலும் இதற்கென்று ஒரு பேரும் இல்லை, ஏனென்றால் அது அங்கே வருவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற ஒரு சிறிய அணிலும் இதுவும் ஒன்றே என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2012இல் ரஜித் திசாநாயக்கவும் தட்சுவோ ஒஷிடாவும் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் பிரித்தது. இப்போது இது இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று, வெலிமடையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறது. சிறுத்தை பார்க்க யால வரை போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

இதைப் பார்க்க வழி ஒன்றுதான். பாதையோரத்தில் விழுந்து கிடக்கிற பாசி பிடித்த மரத்துக்கு எதிரே, காலுறையை நன்றாக இழுத்துவிட்டு, அட்டையைச் சகித்துக்கொண்டு உட்காருங்கள். ஓடி நிற்கும், ஓடி நிற்கும். அது நிற்கிற அந்த நொடியில் வாலைப் பாருங்கள். எலிக்கு வழுவழுப்பான வால், அணிலுக்கு மயிர் வால்.

7. முதுகில் தணல் நிறக் கோடு கண்டால் அவசரப்படாதீர்கள்.

நடுக்கோடு செம்மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் அது லேயார்ட் அணில். சிங்கராஜாவிலும் சிவனொளிபாதமலைச் சரிவிலும் பார்க்கலாம். அழியும் அபாயத்தில் இருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் கண்டேன் என்று எழுதுமுன் படம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாலை வெயில் பட்டால் சாதாரண வரி அணிலின் கோடும் சிவக்கும்.

8. இரவுக்கு வேறு பழக்கம் வேண்டும்.

பறக்கும் அணில் பறப்பதில்லை. முன்கை மணிக்கட்டிலிருந்து பின்கால் வரை விரிகிற தோலை நீட்டி, உயரத்திலிருந்து சரிவாக மிதந்து அடுத்த மரத்தின் அடிப்பாகத்தில் இறங்கும். பிறகு விறுவிறுவென்று ஏறும். ஆகவே மரப்பொந்துள்ள பெரிய மரம் எது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் அதற்கு எதிரே நில்லுங்கள். பெரிய இனத்துக்கு வால் உருண்டு அடர்ந்து உடம்பைவிட நீளமாகத் தொங்கும். சின்ன இனத்துக்கு வால் தட்டையாக, மயிர் இரு பக்கமும் ஒதுங்கியிருக்கும். சின்னது மிகவும் அரிது.

விளக்கொளியில் இரண்டு கண் மின்னினால் உடனே பேர் வைக்காதீர்கள். வாலே இல்லாமல் மெல்ல மெல்ல நகர்ந்தால் தேவாங்கு. விளக்கை முகத்தில் நேராக அடிக்காதீர்கள், சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் போகவே கூடாது. பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கு இருட்டில் உங்கள் காலுக்கும் அதே வேலையைச் செய்யும். சிறுத்தையும் அந்த வழியே வரும்.

9. போனில் வருகிற இந்தியப் படத்தைப் பார்த்து இனம் சொல்லாதீர்கள்.

மர அணில் என்று தேடினால் முதலில் வருவது செம்பழுப்பும் கறுப்பும் மஞ்சளும் கலந்த பெரிய அழகான அணில். அது இந்தியாவின் மலபார் மர அணில். இலங்கையில் இல்லவே இல்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு "நம்ம ஊரிலயும் இருக்கு" என்று அனுப்புகிறவர்கள் அதிகம். இலங்கையில் எடுத்த படமா, எந்த மாவட்டத்தில் எடுத்தது என்று கேளுங்கள்.

10. கச்சான் காற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து படியுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஊவாவில் வீசுகிற காற்றுத்தான் நம் தேயிலைக்கு வாசனையும் விலையும் கொடுக்கிறது. அணில் பார்க்க அது உதவாது. இலை எல்லாம் ஆடும்போது அணில் ஆடுவது தெரியாது, குரலும் கேட்காது. மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் காலைகள் நல்லவை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மலைக்குள் போவதாக இருந்தால் தோட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், கவ்வாத்து மலையில் ஆள் இல்லை என்று குறுக்கே இறங்காதீர்கள். ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குச் சீட்டு வாங்கிப் போகலாம். அதற்கு மேலே இருக்கிற காடு 1938இலிருந்து கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கிடம், அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. பூங்காவுக்குள்ளேயே வேண்டிய மட்டும் பார்க்கலாம். பிஸ்கட் போட்டுக் கூப்பிடாதீர்கள்.

11. குறிப்புப் புத்தகத்தில் மிருகத்தின் பேரைக் கடைசி வரியில் எழுதுங்கள்.

திகதி, நேரம், இடம், உயரம். பிறகு எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், என்ன செய்தது. கோடு இருந்ததா, எத்தனை, எது வரை. வால் உடம்பைவிட நீளமா குட்டையா. குரல் எப்படி. இவ்வளவும் எழுதிய பிறகு பேர். பேரை முதலில் எழுதினால் மற்ற வரியெல்லாம் அந்தப் பேருக்குத் தக்கபடி தானாக வளைந்துவிடும். தெரியாவிட்டால் "அணில், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதாத புத்தகத்தை நான் நம்புவதில்லை.

12. விவசாயியோடு சண்டை பிடிக்காதீர்கள்.

மர அணில் பலாவையும் கொய்யாவையும் கடிப்பது உண்மை. பதுளைப் பக்கம் இறங்கினால் தேங்காயையும் குடைகிறது. கடன் வாங்கிப் பயிர் போட்டவருக்கு உங்கள் சரணாலயக் கதை ருசிக்காது. அவரிடம் கேளுங்கள்: எந்த நேரம் வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து, முதுகில் கோடு இருந்ததா? குரங்கு பிடுங்கியதும் எலி கடித்ததும் மர அணிலின் கணக்கில் ஏறுகிறதா என்று அப்போதுதான் தெரியும். காட்டு மரத்தை வெட்டி யூக்கலிப்டஸ் நட்ட சரிவில் அதற்குத் தின்ன என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக் குறித்து வாருங்கள்.

இன்னொரு கணக்கெடுப்பு வந்தால் உங்கள் டிவிசனில் தாளை வாங்கி நிரப்புகிறவர்கள் நீங்களாக இருங்கள். கோடு இருந்தால் மர அணில் கட்டத்தில் எழுத வேண்டாம் என்று பக்கத்து வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.